கண்ணீரின் வாசல்: யூத மறைஞானத்தில் அழுகை, ஜெபம், நள்ளிரவு வழிபாடு (விவாத இழை)

மண்விளக்கு:
கப்பாலா (யூத மறைஞானம்) சம்பந்தமா எதை எடுத்தாலும் "கண்ணீரின் வாசல் மட்டும் அடைபடவே இல்லை"ங்கிற வரி வந்துடுது. இதுக்கு மூலம் எது? அழுத பிள்ளை பால் குடிக்கும்ங்கிற கணக்குத்தானா, இல்ல வேற ஏதாவதா? இதுக்குன்னு முறைப்படி வழிபாடு இருந்தா எத்தனை மணிக்கு, எங்க உட்கார்ந்து, எதை ஓதணும்? விவரமா எழுதுங்க.

ஓலைச்சுவடி:
மூலம் பாபிலோனியத் தல்மூத், ரபிகள் எனப்படும் யூத மத ஆசான்களின் விவாதத் தொகுப்பு. இரண்டு இடங்களில் வருகிறது: பெரகோத் 32ஆ, பாவா மெட்ஸியா 59அ (உட்பகுதியின் பெயர், ஏட்டின் எண், பக்கம்). ரபி எலியாசர் சொல்வதாகக் கூற்று. எருசலேம் ஆலயம் இடிக்கப்பட்ட நாளிலிருந்து ஜெபத்தின் வாசல்கள் பூட்டப்பட்டுவிட்டன என்பதற்குப் புலம்பல் 3:8 ஆதாரம். கண்ணீரின் வாசல்கள் பூட்டப்படவில்லை என்பதற்கு 39ஆம் சங்கீதத்தின் "என் கண்ணீருக்கு மவுனமாயிராதேயும்" என்ற அடி ஆதாரம். தமிழ் வேதாகமத்தில் இது 39:12. எபிரேயத்தில் தலைப்பையும் ஒரு வசனமாக எண்ணுவதால் 39:13. "என் கண்ணீரை உம்முடைய துருத்தியில் வையும்" என்பதும் அப்படித்தான், தமிழில் 56:8, எபிரேயத்தில் 56:9. எபிரேய எண்ணை வைத்துத் தமிழில் தேடினால் வேறு வசனத்தில் போய் நிற்பீர்கள்.

பலரும் பெரகோத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறார்கள். பாவா மெட்ஸியாவின் சூழலே வேறு. அங்கே பேச்சு ஜெபத்தைப் பற்றியது அல்ல, சொல்லால் பிறரைப் புண்படுத்துவதைப் பற்றியது. மனைவியைச் சொல்லால் நோகடிப்பதில் கணவன் மிகவும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும், அவள் கண்ணீர் சட்டென்று வந்துவிடும், அதற்கான தண்டனையும் பக்கத்திலேயே இருக்கிறது என்று ராவ் என்னும் ஆசான் சொன்னதை ஒட்டித்தான் இந்த வாசல் கூற்று வருகிறது. தொடர்ந்து வரும் நிகழ்ச்சி இன்னும் கடுமை. ஓர் அடுப்பின் தூய்மை பற்றிய வழக்கில் ரபி எலியேசரை (முன்னவர் வேறு, இவர் வேறு) சபை விலக்கி வைக்கிறது. சபைத் தலைவர் ரபான் கமாலியேல். அவருடைய சகோதரி இம்மா ஷாலோம்தான் எலியேசரின் மனைவி. கணவர் முகங்குப்புற விழுந்து மன்றாடாதபடி அவள் நாள்தோறும் பார்த்துக்கொள்கிறாள். ஒருநாள் கவனம் தப்புகிறது. வந்து பார்த்தால் அவர் விழுந்து கிடக்கிறார். "எழுந்திரும், என் அண்ணனைக் கொன்றுவிட்டீர்" என்கிறாள். அதற்குள் கமாலியேல் வீட்டிலிருந்து சாவுச் செய்தி வந்துவிடுகிறது. எப்படித் தெரிந்தது என்று கேட்டதற்கு, எல்லா வாசல்களும் பூட்டப்பட்டாலும் புண்பட்டவரின் வாசல் பூட்டப்படாது என்பது எங்கள் பாட்டன் வீட்டு வழக்கு என்கிறாள்.

ஆகவே உங்கள் பால் குடிக்கும் கணக்கு இங்கே சரிவராது. கண்ணீர் கேட்டதை வாங்கித் தரும் கருவி என்று தல்மூத் சொல்லவில்லை. அது தடுக்க முடியாதது என்கிறது. நல்லதற்கும் அப்படி, பிறர் தலையில் இறங்குவதற்கும் அப்படி.

வடக்குவாசல்:
சுவடி ஐயா சொன்னதோடு ஸோஹாரையும் சேர்த்துக்கணும். 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஸ்பெயினின் காஸ்தீல் பகுதியில், மோசே தே லெயோன் வட்டத்தில் வெளிப்பட்ட நூல். தல்மூத்தில் ஒரு வரியா இருந்ததை அது படிவரிசை ஆக்குது: ஜெபம், கூக்குரல், கண்ணீர். ஜெபம் மௌனமாச் சொல்றது, கூக்குரல் குரலை உயர்த்தறது, இரண்டுக்கும் மேல கண்ணீர். அது நுழையாத வாசல் கிடையாது.

இன்னொண்ணு, ஏசாவின் கண்ணீர். ஆதியாகமம் 27இல் ஆசீர்வாதத்தை இழந்த ஏசா சத்தமிட்டு அழறான் இல்லையா? இஸ்ரவேல் அந்நிய ஆட்சிக்குக் கீழ போனதுக்கு அந்தக் கண்ணீரே காரணம்னு ஸோஹார் சொல்லுது. இஸ்ரவேலின் சொந்த அழுகை அதை ஈடுகட்டற வரைக்கும் விடுதலை இல்லை. எரேமியா 31:9இன் "அழுகையோடும் விண்ணப்பங்களோடும் வருவார்கள்" என்பதை இதுக்கு ஆதாரமா வைக்குது. ஆசீர்வாதம் யாக்கோபுக்குத்தான்னு நம்பற ஒரு மரபு, ஏமாற்றப்பட்டவனோட கண்ணீருக்கு இவ்வளவு எடை கொடுக்குது. எனக்கு ஸோஹாரிலேயே மிக நேர்மையான இடமாப் படறது இதுதான்.

கடவுளே அழறார்ங்கிறதும் பழைய செய்திதான். பெரகோத் 59அ: தம் பிள்ளைகள் படற துன்பத்தை நினைக்கும்போது இரண்டு சொட்டுக் கண்ணீர் பெருங்கடலில் விழுது, அதுவே நிலநடுக்கம். கப்பாலாவில் பெருங்கடல்னா பத்தாவது செஃபிரா (இறைமை வெளிப்படும் பத்து நிலைகளில் கடைசி), அதாவது ஷெகினா, இஸ்ரவேலோட கூடவே நாடுகடத்தப்பட்ட இறைப் பிரசன்னம்.

நள்ளிரவுமணி:
வழிபாட்டு முறைக்கு வருவோம். பெயர் திக்குன் ஹட்சோத், நள்ளிரவுச் சீர்திருத்தம். இன்றைய வடிவம் 16ஆம் நூற்றாண்டில், கலிலேயாவின் ஸஃபேத் நகரில் உருவானது. ஈசாக் லூரியா 1570இல் அங்கே வந்து 1572இலேயே காலமானார். அந்தக் குறுகிய காலத்தில் அவர் சொன்னவற்றை எழுதி வைத்தவர் ஹாயிம் விதால்.

இரு வேறு ஓடைகள் இதில் கலந்திருக்கின்றன. தல்மூத்தில் இரவின் மூன்று சாமங்களிலும் கடவுள் ஆலயத்துக்காகச் சிங்கம்போல் கர்ச்சிக்கிறார், அது துக்கம். ஸோஹாரில் நள்ளிரவு என்பது ஏதேன் தோட்டத்தில் நீதிமான்களோடு அவர் மகிழும் நேரம். அந்நூலில் வரும் ஞானத் தோழர்கள் எழுந்து தோரா (யூத வேதம்) படிக்கிறார்கள், அழுகை முதன்மை அல்ல. ஸஃபேத் இரண்டையும் ஒன்றாக்கி, முதல் பாதிக்கு ராகேல் என்றும் அடுத்த பாதிக்கு லேயாள் என்றும் பெயரிட்டது. லூரியாவின் விளக்கப்படி இருவரும் இறைமையின் இரண்டு பெண்முகங்கள். நள்ளிரவில் ராகேல் தன் இடத்தை விட்டுக் கீழுலகமான பெரியாவுக்கு இறங்குகிறாள். அந்த இறக்கத்தோடு சேர்ந்து அழுவது முதல் பாதி. பிறகு லேயாள் மேலிருந்து முழு உயரத்துக்கு விரிகிறாள். அவளோடு ஏங்குவது இரண்டாம் பாதி.

செய்முறை இப்படி. எழுந்ததும் இரு கைகளுக்கும் மாறி மாறி மும்மூன்று முறை நீர் வார்த்து, உடுத்தி, காலை ஆசீர்மொழிகளையும் தோரா ஆசீர்மொழியையும் சொல்லிவிட வேண்டும். செருப்பைக் கழற்றிவிட்டு, மெசூசா (வேதவசனச் சுருள்) பதித்த நிலைக்கதவுக்கு அருகில் தரையில் அமர வேண்டும். தெஃபிலின் (ஜெபத்தில் கட்டும் வேதவசனப் பேழை) வைக்கும் இடத்தில், அதாவது நெற்றிக்கு மேல் முடி தொடங்கும் இடத்தில், சிறிது சாம்பல். பாவ அறிக்கை முடிந்ததும் சங்கீதம் 137 ("பாபிலோன் ஆறுகள் அருகே"), 79, புலம்பல் 5ஆம் அதிகாரம், அப்புறம் சீயோனுக்கான புலம்பல் பாடல்கள். இதோடு ராகேல் பகுதி முடிந்தது.

பிறகு தரையை விட்டு எழுந்து உட்கார்ந்து லேயாள் பகுதி: சங்கீதம் 24, 42, 43, 20, 67, 111, 51, 126. வரிசை பதிப்புக்குப் பதிப்பு மாறும். முடிந்ததும் படுக்கப் போகக்கூடாது. விடியும் வரை, முடியாவிட்டால் கொஞ்ச நேரமாவது, படிக்க வேண்டும். பலர் தடுக்கி விழும் இடம் இதுதான். ராகேலை உருக்கமாகச் சொல்லிவிட்டு அப்படியே போய்த் தூங்கினால் பாதி வழியில் நின்றதாக ஆகும். துக்கத்தில் தொடங்கிப் படிப்பின் மகிழ்ச்சியில் முடிவதற்காகத்தான் அதை இரண்டு பகுதியாக வைத்தார்கள்.

எல்லா நாளும் அழவும் கூடாது. ஓய்வுநாளில் இரண்டு பகுதியும் கிடையாது. மாதப்பிறப்பிலும், செஃபர்தி (ஸ்பெயின் வழிவந்த யூதர்) வழக்கில் ஓமர் எண்ணும் நாட்களிலும் (பஸ்காவுக்குப் பின் ஏழு வாரம்), ரோஷ் ஹஷானாவுக்கும் (யூதப் புத்தாண்டு) யோம் கிப்பூருக்கும் (பாவநிவாரண நாள்) இடைப்பட்ட நாட்களிலும் லேயாள் மட்டும். ஆப் மாதம் 9ஆம் நாள், ஆலயம் இடிந்த நாள், நேர்மாறு: ராகேல் மட்டும். தம்மூஸ் 17 முதல் ஆப் 9 வரையான மூன்று வாரங்களில் பிற்பகலிலும் ராகேல் பகுதியைச் சொல்லும் வழக்கம் உண்டு.

கணக்குப்பிள்ளை:
நேரம் விஷயத்தில் ஒரு திருத்தம் வேணும். கடிகாரத்தில் 12 மணி அடிச்சா நள்ளிரவுன்னு நினைச்சிடாதீங்க. ஹட்சோத்ங்கிறது சூரியன் மறையறதுக்கும் உதிக்கிறதுக்கும் நடுப்புள்ளி. இன்னொரு விதமாச் சொன்னா, உச்சிப்பொழுதிலிருந்து 12 மணி நேரம்.

ஜெருசலேமை வச்சுப் பாருங்க. டிசம்பர் கடைசியில் மறைவு சுமார் 4:40, உதயம் சுமார் 6:36. இடையில் 13 மணி 56 நிமிஷம், அதில் பாதி 6:58. ஆக நள்ளிரவு 11:38. ஜூனில் கோடைக்கால நேரப்படி மறைவு சுமார் 7:46, உதயம் சுமார் 5:34. இடையில் 9 மணி 48 நிமிஷம், பாதி 4:54. நள்ளிரவு 12:40.

பிராட்ஸ்லவ் மரபு வேற கணக்கு. ரபி நாஹ்மான் (1772-1810) சொன்னபடி, கோடையோ குளிரோ, நட்சத்திரம் தெரிஞ்சதிலிருந்து ஆறு மணி நேரம் கழிச்சுத் தொடங்கும், இரண்டு மணி நேரம் நீடிக்கும். மறைவுக்கு அரை மணி கழிச்சு நட்சத்திரம்னு வச்சா, டிசம்பரில் 11:10க்கே ஆரம்பம், ஜூனில் 2:16க்கு. கோடையில் இரண்டு கணக்குக்கும் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல வித்தியாசம். எந்த மரபுப் புத்தகத்தைக் கையில் வச்சிருக்கோம்னு பார்க்காம நேரம் குறிச்சா குழப்பம்தான் மிஞ்சும்.

மண்விளக்கு:
ரொம்ப நன்றி. ஒரு சந்தேகம். கண்ணீர் வரலைன்னா? முறைப்படி எல்லாம் சொல்லியாச்சு, கண் வறண்டு கிடக்கு. வரவழைக்கலாமா?

வடக்குவாசல்:
இதில் மரபுக்குள்ளேயே இரண்டு பக்கம் இருக்கு. அழுகையை ஒரு உத்தியாப் பயன்படுத்தினவங்க உண்டு. ஸஃபேத்தில் ஆபிரகாம் பெருகிம்னு ஒருத்தர், நள்ளிரவில் தெருத்தெருவாப் போய் எல்லோரையும் எழுப்பறவர். 17ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்துக் கடிதங்கள் வழியா வந்த வரலாறு இது: உமக்கு ஆயுள் முடியப்போகுது, எருசலேமுக்குப் போய் மேற்குச் சுவரில் அழுது மன்றாடும், ஷெகினாவைக் கண்டால் பிழைப்பீர்னு லூரியா அனுப்பறார். மூன்று நாள் நோன்பிருந்து போறார். சுவரில் கறுப்பு உடுத்த பெண்ணைக் காண்றார். 22 வருஷம் கூடுதலா வாழ்றார். விதாலே தம் தரிசனக் குறிப்பில், 1566இல் ஒரு ஓய்வுநாள் இரவு கண்ணீரோட உட்கார்ந்திருந்தப்போ காட்சி வந்ததா எழுதியிருக்கார். அழுகை, அப்புறம் தரிசனம். ஆய்வாளர் மோஷே ஐடெல் இந்தத் தொடர்பைத் தனியாவே எடுத்துப் பேசறார்.

ஆக, உத்தி இல்லைன்னு சொல்ல முடியாது.

ஓலைச்சுவடி:
சொல்ல முடியாதுதான். ஆனால் அந்த நிகழ்ச்சிகளில் அழுதவர்கள் யாரென்று பாருங்கள். ஒருவருக்குச் சாவு நெருங்கியிருக்கிறது. இன்னொருவர் ஏற்கெனவே துயரத்தில் இருக்கிறார். கண்ணைக் கசக்கி வரவழைத்த நீர் அல்ல அது.

வரவழைப்பதைப் பற்றி நேரடியாகப் பேசியவர் ரபி நாஹ்மான். ஜெபிக்கும்போது "அழ வேண்டும், இப்போது கண்ணீர் வந்தால் நன்றாயிருக்கும்" என்று நினைப்பதே அந்நிய எண்ணம் என்கிறார். மனம் சொற்களை விட்டுக் கண்ணைக் கண்காணிக்கப் போய்விடுகிறது. சொல்வதைக் கருத்தோடு சொல். கண்ணீர் வந்தால் நல்லது. வராவிட்டால் அதற்காக ஜெபத்தைக் குலைத்துக்கொள்ளாதே. சட்டத் தொகுப்பான ஷுல்ஹான் அரூக்கும் தன் முதல் அத்தியாயத்திலேயே, நள்ளிரவு மன்றாட்டைச் சொன்ன கையோடு, கருத்தில்லாத நீண்ட மன்றாட்டைவிடக் கருத்துள்ள சிறு மன்றாட்டு மேல் என்று விதிக்கிறது.

போலி மன்றாட்டை மறைஞானிகள் எவ்வளவு அஞ்சினார்கள் என்பதற்குத் தஹனூன் ஓர் அடையாளம். வார நாட்களில் கைமேல் முகம் கவிழ்த்துச் சொல்லும் மன்றாட்டு அது. உயிரை ஒப்புக்கொடுப்பதாக நினைத்துக் கவிழ வேண்டும், மனம் வேறெங்கோ இருக்க உடல் மட்டும் கவிழ்ந்தால் ஆபத்து என்று ஸோஹார் எச்சரிக்கிறது. அந்தப் பயத்தாலேயே பாக்தாதின் ரபி பென் இஷ் ஹாய் வழிவந்தவர்கள் முகம் கவிழ்ப்பதையே விட்டுவிட்டு, நிமிர்ந்து உட்கார்ந்து 25ஆம் சங்கீதம் சொல்கிறார்கள். அஷ்கெனாஸி (மத்திய, கிழக்கு ஐரோப்பிய யூதர்) வழக்கில் முகம் கவிழ்த்து 6ஆம் சங்கீதம். "என் கண்ணீரால் என் கட்டிலை நனைக்கிறேன்" என்பது அதில்தான் வருகிறது.

நள்ளிரவுமணி:
ஹசிதிய பக்தி இயக்கத்தைத் தொடங்கிய பால் ஷெம் தோவ் பெயரில் வழங்கும் சாவி உவமையும் இங்கே பொருந்தும். ரோஷ் ஹஷானாவில் எக்காளம் ஊதும்போது நினைக்க வேண்டிய தியானக் குறிப்புகளைச் சீடர் ஒருவர் தாளில் எழுதி வைத்திருக்கிறார். நேரம் வந்தபோது தாளைக் காணோம். ஒன்றும் நினைவில் இல்லை. நெஞ்சுடைந்து அழுகிறார். பிறகு குரு சொல்கிறார்: அரண்மனையில் ஒவ்வோர் அறைக்கும் ஒரு சாவி உண்டு, அவையே தியானக் குறிப்புகள், கோடரி இருந்தால் எல்லாக் கதவையும் பிளக்கலாம், உடைந்த நெஞ்சே அந்தக் கோடரி.

இதைச் சொல்லிவிட்டுச் சிலர், சாவியே வேண்டாம் என்று முடித்துவிடுகிறார்கள். சீடர் முதலில் எல்லாவற்றையும் கற்று, எழுதி, ஆயத்தமாக வந்தவர் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

வடக்குவாசல்:
ரோஷ் ஹஷானான்னதும் நினைவுக்கு வருது. அன்னைக்கு அழலாமாங்கிறதிலேயே பெரிய கருத்து வேறுபாடு. அந்த நாட்களில் அழுகையே வராதவன் ஆன்மா முழுமையில்லைன்னு லூரியா; தானாகக் கண்ணீர் பொங்கினா அந்த நேரத்தில் உனக்கு மேலே தீர்ப்பு நடக்குதுன்னு அர்த்தம்னும் சொல்றார். 18ஆம் நூற்றாண்டு அறிஞர் வில்னாவின் காவோன் நேரெதிர். நெகேமியா 8இல் அதே நாளில் ஜனங்கள் அழுதப்போ "துக்கப்படவேண்டாம், கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பதே உங்களுடைய பெலன்"னு நிறுத்தினாங்க இல்லையா, அதை அப்படியே கடைப்பிடிக்கணும்ங்கிறார். எனக்குக் காவோன் பக்கம் பலமாத் தெரியுது.

ஓலைச்சுவடி:
நான் லூரியா பக்கம். அவர் சொல்வது தானாக வரும் கண்ணீர். காவோன் தடுப்பது வலிந்து அழுவதை என்று கொண்டால் இருவரும் அவ்வளவு தூரத்தில் இல்லை. ஓய்வுநாளைப் பாருங்கள். துக்கம் விலக்கப்பட்ட நாள். ஆனாலும் அழுதால் மனபாரம் இறங்கி ஆறுதல் கிடைக்கும் என்றால் அழலாம் என்று கிராக்கோவின் சட்ட அறிஞர் மோசே இஸர்லெஸ் அனுமதிக்கிறார்.

கணக்குப்பிள்ளை:
அழுதுட்டு அதிலேயே கிடக்கிறவங்களைப் பத்தி யாரும் சொல்லலையே. நடைமுறையில் அதுதான் பெரிய கோளாறு.

1796இல் அச்சான தான்யாங்கிற நூலில் ஹசிதிய குரு லியாதியின் ஷ்னேயூர் ஸல்மான் இரண்டைப் பிரிக்கிறார். மனம் கல்லா மரத்து, எதுவும் செய்யப் பிடிக்காம சோர்ந்து கிடக்கிறது ஒண்ணு. அது விலக்க வேண்டியது. உள்ளுக்குள்ள கசந்து, அந்தக் கசப்பே உயிர்ப்பா இருக்கிறது இன்னொண்ணு, அது வேண்டியது. எப்படிக் கண்டுபிடிக்கிறது? அழுது முடிச்சதும் படிக்கவோ ஜெபிக்கவோ தெம்பு கூடுதா குறையுதான்னு பாருங்க. குறைஞ்சா முதல் வகை. வேலை நடுவுல, ஜெபத்தின் நடுவுல வந்து உட்காரும் சோகத்தையும் அவர் ஏத்துக்கலை. கணக்குப் பார்க்கத் தனி நேரம் வை, அப்ப நெஞ்சை உடைச்சுக்கோ, முடிஞ்சதும் மன்னிப்புக் கிடைச்சதுன்னு நம்பி எழுந்திருன்னு சொல்றார். நெஞ்சின் ஒரு பக்கம் அழுகையும் மறுபக்கம் மகிழ்ச்சியும் பதிஞ்சிருக்கலாம்ங்கிற ஸோஹார் வரியையும் எடுத்து வைக்கிறார்.

ரபி நாஹ்மானும் கிட்டத்தட்ட இதேதான். தினம் ஒரு மணி நேரம் தனிமை, தாய்மொழியிலேயே பேச்சு. அந்த ஒரு மணியில் நெஞ்சு உடையலாம், மீதி நாள் முழுக்க மகிழ்ச்சியா இருக்கணும். உடைந்த நெஞ்சுக்குப் பின்னால மகிழ்ச்சி வந்தாத்தான் அது உண்மையில் உடைந்த நெஞ்சு. சோகம்னா கோபம் மாதிரி, கடவுள் மேல மனத்தாங்கல்னு பிரிச்சுச் சொல்றார்.

நள்ளிரவுமணி:
இதன் கடைசி எல்லையை வார்சா கெட்டோவில் (நாஜிகள் யூதர்களை அடைத்து வைத்த பகுதி) காண்கிறோம். பியாசெட்ஸ்னோ ரெப்பே (ஹசிதிய குரு) கலோனிமுஸ் கல்மான் ஷபீரா 1939 முதல் 1942 ஜூலை வரை அங்கே சொன்ன உரைகளை எழுதிப் புதைத்து வைத்தார். 1943இல் அவர் கொல்லப்பட்டார். போருக்குப் பின் கிடைத்த கையெழுத்துப்படி 1960இல் அச்சானது. 1942இன் உரைகளில் அவர் பிடித்துக்கொள்வது தல்மூத்தின் ஹகிகா 5ஆவில் வரும் செய்தி: கடவுளுக்கு மிஸ்தாரிம் என்றோர் உள்ளறை உண்டு, அங்கே அவர் மறைவாக அழுகிறார். அந்த அழுகை வெளியே கேட்டால் உலகம் தாங்காது, அதனால்தான் அவர் மறைந்து அழுகிறார் என்கிறார் ஷபீரா. மனிதன் தனக்காகத் தனியே அழும் அழுகை அவனை நொறுக்கி, எதற்கும் உதவாதவனாக்கிப் போட்டுவிடும். தோராவின் வழியாக அந்த உள்ளறைக்குள் புகுந்து அவரோடு சேர்ந்து அழுதால், அழுதபடியே பலப்படுவான், மறுபடி படிக்கவும் தொழவும் துணிவான்.

கணக்குப்பிள்ளை சொன்ன சோதனையே, தெம்பு கூடுகிறதா குறைகிறதா என்பதே, இங்கேயும் இருக்கிறது. இதைச் சொன்னவர் போரின் முதல் மாதத்திலேயே தம் ஒரே மகனைப் பறிகொடுத்தவர்.

மண்விளக்கு:
படிச்சிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுதத் தோணலை.

பெண்களுக்கு இந்த நள்ளிரவு முறை உண்டா? தினமும் எழுந்தா மறுநாள் காலை ஜெபம் கெடாதா?

ஓலைச்சுவடி:
லூரியா முறை நடைமுறையில் ஆண்களிடமே பரவியது. பெண்களுக்கு வேறு வழி இருந்தது: கிழக்கு ஐரோப்பாவில் யித்திஷ் மொழியில் த்ஹினெ எனப்படும் மன்றாட்டுகள், விளக்கேற்றும்போதும் மாதப்பிறப்புக்கு முன்னும் சொல்வது. 18ஆம் நூற்றாண்டின் சாரா பாஸ் தோவிம் இயற்றியவை பேர்பெற்றவை. அவற்றைப் படித்தால் கண் கலங்காமல் இருப்பது கடினம். இன்னும் பின்னே போனால், நின்று மௌனமாகச் சொல்லும் அமிதா ஜெபத்துக்கே இலக்கணம் ஒரு பெண்ணின் அழுகைதான். பிள்ளையில்லாத அன்னாள் சீலோவில் மனங்கசந்து அழுது ஜெபித்தாள், உதடு அசைந்தது, சத்தம் கேட்கவில்லை. உதடு அசைய வேண்டும், குரல் கேட்கக் கூடாது என்ற விதியைப் பெரகோத் 31அ அவளிடமிருந்தே எடுக்கிறது.

நள்ளிரவுமணி:
காலையில் ஓதும் ஷெமா என்னும் விசுவாச அறிக்கைக்கு நேர வரம்பு உண்டு, அது கட்டாயக் கடமை. திக்குன் ஹட்சோத் அப்படி அல்ல. ஆகவே விழித்திருந்து காலை ஜெபம் தவறினால் கணக்கு நஷ்டத்தில் முடியும். மாலையிலேயே படுத்து, ஹட்சோத்துக்கு எழுவதே பழைய வழக்கம். 16, 17ஆம் நூற்றாண்டுகளில் இந்த விழிப்புகள் வேகமாகப் பரவியதற்கும் காப்பி பரவியதற்கும் தொடர்பு காட்டுகிற வரலாற்றாய்வும் உண்டு. தினமும் முடியாதவருக்குத் தான்யாவின் மனந்திரும்புதல் பகுதி வாரம் ஒரு முறையாவது, ஓய்வுநாளுக்கு முன், என்கிறது. பெரும்பாலும் வியாழன் இரவு. வெள்ளி இரவுக்குத் தள்ளிப்போடாதீர்கள், அதற்குள் ஓய்வுநாள் பிறந்துவிடும்.